வீட்டிலேயே ஒரு வாரம் விஞ்ஞானம்



2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் கைத்தொலைபேசிக்குப் போனது. போன் இல்லாத, சிக்னல் கிடைக்காத லயத்துப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். "நாங்க படிக்கல்லையே, என்னத்தச் சொல்லிக் குடுக்கிறது?" என்று பலர் கேட்டீர்கள். உங்கள் வீட்டுக் கோழியும் ஆடும் நாயுமே பாடந்தான் என்கிறோம் நாங்கள். அடுத்த லீவில் செய்து பாருங்கள்.

திங்கட்கிழமை ஒரு முட்டையைச் சுடுதண்ணீரில் போடுங்கள். ஓட்டிலிருந்து சின்னச் சின்னக் குமிழி வரும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உள்ளேயிருக்கும் குஞ்சுக்குக் காற்று போவது அந்த வழியாகத்தான்.

செவ்வாய்க்கிழமை இன்னொரு முட்டையை வினாகிரியில் ஊற வையுங்கள். இரண்டொரு நாளில் ஓடு கரைந்து தோல் மட்டும் மிஞ்சும். ஓட்டில் இருப்பது சுண்ணாம்புச் சத்து.

புதன்கிழமை அடைக்கோழியைப் பாருங்கள். குஞ்சு பொரிக்க 21 நாள். ஏழாம் நாள் இருட்டில் முட்டைக்கு டோர்ச் அடித்தால் இரத்த நரம்புகள் தெரியும். கலண்டரில் பிள்ளையே குறிக்கட்டும்.

வியாழக்கிழமை ஆடு. அதற்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. தின்ற புல்லைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அசை போடுகிறது. எத்தனை தடவை மெல்லுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை நாய். இதைக் கட்டாயம் படிப்பியுங்கள். நாய்க்கு வருடந்தோறும் விசர்நோய்த் தடுப்பூசி போட வேண்டும். கடித்தால், கீறினால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோய் முற்றிக் குணம் குறி தெரிந்த பிறகு உயிரைக் காப்பாற்றுவது அரிது. அடிக்குப் பயந்து பிள்ளை கடியை மறைக்கக் கூடாது.

கொழுந்தெடுத்துக் களைத்து வந்தாலும், "இன்னைக்கு என்னத்தப் பாத்த?" என்று கேளுங்கள். சொன்னதைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். இதற்கு நாம் படித்திருக்க வேண்டியதில்லை.