பதவியினும் பெரிது விசுவாசம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் கூத்தும் நிறைந்த இவ்விழா நாளில், சமயத்தை ஒட்டியதொரு பொருள் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். பல சமயத்தாரும் ஒரு குடும்பமெனக் கூடியிருக்கும் அவை இது. ஆதலின் ஒரு சமயத்தை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தும் நோக்கம் நமக்குச் சிறிதும் இல்லை. கிறித்தவ நெறியில் நின்று நாம் உணர்ந்த ஓர் உண்மையை, பிற நெறியினரும் தத்தம் வாழ்க்கையோடு ஒப்பிட்டு நோக்குமாறு உங்கள்முன் வைக்க விழைகின்றோம்.

உலகப் பெருமையை ஒருமுறை துறத்தல் அரிது. துறந்த பெருமை மீண்டும் நம் வீட்டினுள் நுழையாமற் காத்தல் அதனினும் அரிது. இதுவே நாம் கூறவந்த செய்தி.

விவிலியத்திலே ஒரு காட்சி உண்டு. செபதேயு என்பாரின் மக்களாகிய யாக்கோபும் யோவானும் மீன்பிடிக்கும் தொழிலினர். இயேசு பெருமான் அழைத்த அளவில், வலையையும் படகையும் பெற்ற தந்தையையும் விட்டு அவரைப் பின்தொடர்ந்தனர். இது பெருந்துறவு அன்றோ? ஆயினும் சில காலம் கழித்து அவர்களுடைய தாய் பெருமானிடம் வருகின்றாள். அவருடைய அரசில் தன் மக்களுள் ஒருவன் வலப்பக்கத்தும் மற்றொருவன் இடப்பக்கத்தும் அமர வரம் வேண்டுகின்றாள். இதைக் கேட்ட ஏனைய சீடர் பதின்மரும் சினங் கொள்கின்றனர். ஏன் சினந்தனர்? அவ்விரண்டு இருக்கைகளின் மீது அவர்கட்கும் கண் இருந்தது போலும்! படகை விட்டவர்களால் இருக்கையை விட முடியவில்லை. பெருமான் அவர்களை அருகழைத்து, பெரியவனாக விரும்புவோன் மற்றவர்க்குப் பணியாளனாதல் வேண்டும் என்று அறிவுறுத்தினார். துறவு ஒரு நாளில் முடிந்துவிடும் செயல் அன்று என்பதை இக்காட்சி நமக்கு நன்கு விளக்குகின்றது.

இனி, நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் காண்போம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் பகுதியாக இருந்தது. அங்குள்ள நட்டாலம் என்னும் ஊரில், 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் பிறந்தவர் நீலகண்டப் பிள்ளை. உயர்குடிப் பிறப்பு, கல்வி, மார்த்தாண்ட வர்ம மன்னரின் அரண்மனையில் அலுவல் ஆகிய மூன்றும் அவர்க்கு வாய்த்திருந்தன. உலகம் ஒருவனை மதிப்பதற்கு வேறென்ன வேண்டும்?

1741ஆம் ஆண்டு குளச்சலில் நிகழ்ந்த போரில் டச்சுக்காரரைத் திருவிதாங்கூர்ப் படை வென்றது. தோல்வியுற்ற பக்கத்தில் இருந்த டிலனாய் என்னும் படை அதிகாரி, பின்னர் மன்னரின் நம்பிக்கைக்கு உரியவராகி, அம்மன்னரின் படையையே பயிற்றுவிக்கும் பொறுப்பை ஏற்றார். உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்திய பணியிலும் அவர்க்குப் பெரும்பங்கு உண்டு. அவரோடு நீலகண்டர்க்கு நட்பு உண்டாயிற்று. அக்காலத்தில் நீலகண்டரின் குடும்பத்தில் பொருளிழப்பும் கால்நடை இழப்பும் அடுத்தடுத்து நேர்ந்தன என்றும், மனம் நொந்திருந்த அவர்க்கு, எல்லாம் இழந்தும் இறைவன்பால் வைத்த பற்றை இழவாத யோபுவின் வரலாற்றை டிலனாய் எடுத்துரைத்தார் என்றும் மரபு கூறும். தளர்ந்த நெஞ்சில் அவ்வரலாறு ஆழப் பதிந்தது. 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால், இன்றைய திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்னும் பெயர் அவர்க்கு இடப்பெற்றது. அதன் பொருளையே தமிழாக்கித் தேவசகாயம் என வழங்கினர். அவருடைய மனைவியாரும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ என்னும் பெயர் பூண்டார்.

அதன்பின் நிகழ்ந்தவை துயரம் மிக்கவை. 1749இல் அவர் சிறைப்படுத்தப்பட்டார். அரண்மனையில் மதிப்போடு நடமாடியவரை எருமை மீதேற்றி ஊரூராய்க் கொண்டு சென்றனர். 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள காற்றாடி மலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் கோட்டாற்றுப் புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் பெற்றது.

அவர் தண்டனைக்குக் காரணம் யாது என்பதில் வரலாற்று ஆசிரியரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அவ்வழக்கை இம்மேடையில் தீர்க்க நாம் முற்படவில்லை. ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. டிலனாயும் கிறித்தவரே. அவர் 1777இல் இறக்கும் வரையில் திருவிதாங்கூரில் மதிப்போடு வாழ்ந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் உள்ள அவர் கல்லறையில் இலத்தீன் மொழியோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. எனவே, கிறித்தவராயிருத்தல் ஒன்று மட்டுமே அவ்வரசில் குற்றமாக இருந்ததென்று கூறுவதற்கில்லை. தேவசகாயம் குலவேறுபாடு பாராது எல்லாரோடும் கலந்து பழகினார் என்றும், மாந்தர் அனைவரும் நிகர் என்று எடுத்துரைத்தார் என்றும், அதுவே உயர்நிலையினரின் வெறுப்பை வளர்த்தது என்றும் திருச்சபை மரபு வலியுறுத்துகின்றது. அயல்நாட்டார் ஒருவர் தம் சமயத்தோடு வாழ்ந்தால் ஊரின் அடுக்கு குலைவதில்லை. உயர்ந்த படியில் நின்றவர் ஒருவர் தாமே இறங்கி வந்து, தாழ்ந்தோர் எனப்பட்டாரோடு ஒருங்கிருந்தால் அவ்வடுக்கே ஆட்டங் காண்கின்றது. அவர் இழந்த பதவியின் விலை இதுவே.

இவ்வளவில் நம் உரையை முடித்தால், ஒரு புனிதரின் வரலாற்றைக் கேட்டோம் என்னும் நிறைவோடு நாம் வீடு திரும்பலாம். ஆனால் அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தில் பின்னர் நிகழ்ந்ததையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது.

அதே ஊரில், 1872ஆம் ஆண்டு புதிய ஆலயம் ஒன்று எழுந்தது. பலிபீடம் ஒன்று, அதினின்று பிரிந்து செல்லும் மண்டபங்கள் இரண்டு. ஒரு குலத்தார் ஒரு மண்டபத்திலும், மற்றவர் மற்றொரு மண்டபத்திலும் நின்று வழிபட வேண்டும் என்பதே அவ்வமைப்பின் நோக்கம். ஒரே பூசை, ஒரே மன்றாட்டு. எனினும் ஒருவரையொருவர் காணாதவாறு இடையே தடுப்பு. கால்சட்டையின் இரு கால்களைப் போன்ற அவ்வடிவத்தைக் கண்டு, கால்சட்டைக் கோயில் என்றே பலரும் எள்ளி வழங்கினர். ஒருவர் தம் குலப்பெருமையைக் கழற்றி வைத்த ஊரிலேயே, 127 ஆண்டுகள் கழித்து, அப்பெருமை கல்லும் சுண்ணமும் கொண்டு கட்டடமாய் எழுந்து நின்றது!

இருசாராரையும் பிரித்த சுவர் 1910இல் பங்குக் குருவின் முயற்சியால் இடிக்கப்பட்டது. இடித்தது தவறு, எம் உரிமை பறிபோயிற்று என்று சிலர் நீதிமன்றம் ஏறினர். உயர்நீதிமன்றம் வரையில் சென்ற அவ்வழக்கு அவர்கட்கு வெற்றியாக முடியவில்லை. கிறித்தவர் தம்மை ஒருவரினின்று ஒருவர் பிரித்து வைக்கும் சுவருக்காகக் கிறித்தவர் மீதே வழக்காடினர் என்பதை எண்ணுந்தோறும் நாம் நாணித் தலைகுனிகின்றோம். இதைப் பிறர் சொல்லிக் கேட்பதைவிட நாமே சொல்லுதல் நன்று எனக் கருதியே இங்கு உரைத்தோம்.

காலம் மேலும் சென்றது. 2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் தேவசகாயம் அருளாளராக அறிவிக்கப் பெற்றார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், வத்திக்கானில் புனித பேதுரு சதுக்கத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் அவரைப் புனிதராக உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினருள் மறைச்சாட்சியாய் இந்நிலை எய்தியவர் அவரே முதல்வர். அன்று உயர்த்தப்பெற்றோர் பதின்மர். அவருள் பிரெஞ்சு நாட்டு உயர்குடியிற் பிறந்து, படை அதிகாரியாக இருந்து, யாவும் விட்டு சகாராப் பாலைவனத்து மக்களிடையே எளியராய் வாழ்ந்து 1916இல் கொல்லப்பட்ட சார்லஸ் டி ஃபூக்கோ ஒருவர். நெதர்லாந்தில் பல்கலைக்கழகத் தலைமைப் பொறுப்பு வகித்த பேராசிரியராயிருந்தும், நாஜிகளுக்குப் பணியாது 1942இல் டாக்கௌ வதைமுகாமில் உயிர்நீத்த டைட்டஸ் பிராண்ட்ஸ்மா மற்றொருவர். உலகம் கொடுத்த இருக்கையை உள்ளத்தின் பொருட்டு விட்டவர்கள் ஒருங்கே நின்ற நாள் அது.

அந்நாளில் நம் கருத்தை ஈர்த்தது வேறொன்று. நீண்ட காலமாகப் பலரும் தேவசகாயம் பிள்ளை என்றே வழங்கி வந்தனர். குலத்தைச் சுட்டும் அவ்வொட்டு நீக்கப்பட வேண்டும் என்று வேண்டுகோள் எழுந்தது. புனிதராக அறிவிக்கப் பெற்றபோது அவர் பெயரில் அஃது இடம்பெறவில்லை. அவர் உயிர் துறந்து 270 ஆண்டுகள் ஆன பின்னரே, அவர் விட்ட பட்டத்தை நாமும் விட்டோம்! புனிதர் தாமே கழற்றியதை, அவரைப் போற்றியவர்கள் திரும்பத் திரும்ப எடுத்து அவர்க்கு அணிவித்து வந்தனர்.

அன்பர்களே! இச்செய்தி நம் நெஞ்சைத் தைத்தது. காரணத்தை மறைக்காமற் கூறிவிடுகின்றோம்.

நம் தந்தையார் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர். நற்செய்தியைப் படித்த ஒருவன் தன் பெயருக்குப் பின்னால் குலத்தைச் சுமந்து செல்லலாகாது என்று கருதி, இளமையிலேயே அவ்வொட்டை நீக்கிக்கொண்டவர். உறவினர் பலர் ஏசினர். ஒரு திருமணத்தில் முன்வரிசையில் அவர்க்கு இடம் தராமலும் போயினர். அவர் சிரித்துக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்து உண்டு வந்தார்.

நாமோ அலுவலை நாடி வடபுலத்திற்கு வந்தோம். இங்கே விண்ணப்பப் படிவம் எதை எடுத்தாலும், குடும்பப் பெயர் யாது என்று கேட்கும் கட்டம் ஒன்று இருக்கக் காண்கின்றோம். உங்களுள் பலரும் அக்கட்டத்தின் முன் எழுதுகோலை வைத்துத் திகைத்திருப்பீர்கள். தந்தையின் பெயரை எழுதலாம், எழுதுவாரும் உளர். நம் மகனைப் பள்ளியிற் சேர்த்த நாளில், நாம் சிறிது நேரம் எண்ணினோம். பின்னர், நம் தந்தையார் விட்டொழித்த அப்பட்டத்தையே அக்கட்டத்தில் எழுதிவிட்டோம். இங்குள்ளோர் பெயரின் இறுதியைக் கொண்டே ஆளை அளக்கின்றனர். நம் பிள்ளை அவர்முன் குறைந்து நிற்கலாகாது என்று நமக்கு நாமே நியாயம் சொல்லிக்கொண்டோம். கட்டம் வெறுமையாக இருந்ததனால் எழுதினோம் அல்லோம். உயர்வாகத் தோன்ற வேண்டும் என்னும் ஆசையால் எழுதினோம்.

2022இல் அச்செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டபோது, வளர்ந்துவிட்ட நம் மகன் அருகிலிருந்தான். "அப்பா, தாத்தா வேண்டாமென்று விட்டதை நீங்கள் ஏன் எனக்குக் கொடுத்தீர்கள்?" என்று அமைதியாகக் கேட்டான். நமக்கு மறுமொழி தோன்றவில்லை. வடக்கன்குளத்துச் சுவரை எண்ணி நாணியவர் நாம். அச்சுவரின் ஒரு கல்லை நம் கையாலேயே மகனின் சான்றிதழில் வைத்திருந்தோம்.

பெயர் மாற்றத்தை அரசிதழில் வெளியிட நம் மகன் விண்ணப்பித்தான். அவ்விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய தாள்களைத் திரட்டித் தருவதே நாம் செய்த கழுவாய். இப்பொழுது அவன் பெயரின் இறுதியில் அவன் தாத்தாவின் பெயர் நிற்கின்றது.

பெருமக்களே! பதவி தீயதென்று நாம் கூறவில்லை. உழைத்துப் பெற்ற பதவியைக் கொண்டு ஊர்க்கு உதவலாம். இச்சங்கமே அத்தகைய நல்லோரின் உதவியால் நடைபெறுகின்றது. ஆயின், பதவி நம்மிடம் இருத்தல் வேறு. பதவியே நாம் என்று எண்ணுதல் வேறு. ஊரை விட்டு வந்த நம்மில் புதியவர் ஒருவரைச் சந்தித்தால், எந்த ஊர் என்று கேட்கின்றோம். அடுத்து, எந்த அலுவலகம், என்ன பதவி என்று கேட்கின்றோம். அதன்பின் சுற்றி வளைத்துக் குலத்தையும் அறிந்துகொள்கின்றோம். விடை கிடைத்த பின்னரே அவர்க்கு எந்த நாற்காலி என்பதை முடிவு செய்கின்றோம். கிறித்தவ இல்லங்களில் மணம் பேசும் வேளையிலும் இதே கேள்விகள் எழுவதை நாம் அறிவோம்.

விசுவாசம் என்பது ஆலயத்தில் சொல்லும் மன்றாட்டு மட்டும் அன்று. நம்மை மதித்து ஏற்பவன் இறைவன். ஆதலின் பிறரைவிட உயர்ந்து தோன்றவேண்டிய தேவை நமக்கில்லை என்று துணிந்து வாழ்தலே விசுவாசம். அத்துணிவு உடையவன் பின்வரிசையிலும் மகிழ்ந்து உண்பான். நம் தந்தையார் அவ்வாறு உண்டார். அரண்மனையை விட்ட தேவசகாயம் அத்துணிவோடு மலையேறினார்.

இன்று விழா முடிந்ததும் உணவு உண்டு. நம்மை அழைத்த செயலாளர் அவர்கள், சிறப்பு விருந்தினர்க்கென முன்னே தனி மேசை இடப்பட்டுள்ளதாகக் கூறினார். அவர் அன்புக்கு நன்றி. எனினும், நாற்காலிகளை அடுக்கியும் பந்தற்கால் நட்டும் மூன்று நாட்களாக உழைத்த இளைஞர்கள் கடைசிப் பந்தியில் அமர்வார்கள் என அறிகின்றோம். அவர்களோடு அமர்ந்து உண்ண நமக்கு இசைவு தருமாறு தலைவர் அவர்களை வேண்டி அமைகின்றோம்.