கொடுத்தவர் பெயரும் படித்தவள் பெயரும்

(நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



நன்கொடை என்றதும் நாங்கள் கட்டடத்தைத்தான் நினைக்கிறோம். யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளின் படிப்புக்கு அது ஒருகாலம் சோறாகவும் துணியாகவும் வந்தது. 1816 இல் அமெரிக்க மிசனரிமார் இங்கு வந்தபோது, பெண்பிள்ளையைப் படிக்க அனுப்ப வீடுகள் தயங்கின. 1824 இல் ஹரியற் வின்சிலோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கினார். உணவு, உடை, உறைவிடம் எல்லாம் அங்கேயே. அதற்கான காசு அமெரிக்கச் சபைகளிலும் வீடுகளிலும் சேர்க்கப்பட்டது.

மிசன் விடுதிகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பிள்ளையின் செலவை ஏற்றவர், தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு வைக்கலாம். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை ஆகியோரின் முன்பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாமவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். மூன்றாமவர் 1886 இல் 'பாவலர் சரித்திர தீபகம்' தந்தவர். அந்த உதவியை நாங்கள் குறைசொல்ல வரவில்லை. ஆனால் பெற்றவர் வைத்த பெயருக்கு முன்னால் இன்னொருவர் பெயரைச் சுமந்துதான் ஒரு பிள்ளை படிக்க வேண்டியிருந்தது.

நாங்களும் அதையே செய்தோம் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தோம்.

சில வருடங்களுக்கு முன் பரிசளிப்பு விழாவில், எங்கள் உதவி பெறும் பிள்ளைகளை மேடைக்கு அழைத்தோம். கொடுத்தவர் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்து, கடித உறையைக் கையில் கொடுத்துப் படமும் எடுத்தோம். கைதட்டல் நன்றாகவே இருந்தது. அடுத்த தவணை தீவுப்பகுதிப் பிள்ளை ஒருத்தி காசு வாங்க வரவில்லை. விடுதிப் பொறுப்பாசிரியை விசாரித்தபோது சொன்னாளாம்: "காசு வேண்டாம் ரீச்சர், என்ர பேரைக் கூப்பிடாமல் விட்டாக் காணும்."

1945 இலிருந்து கல்வி இலவசம்தான். ஆனால் நெடுந்தீவிலிருந்து வரும் பிள்ளைக்குக் குறிகட்டுவான் வரை படகு வேண்டும். காற்றடித்தால் அதுவும் ஓடாது. ஆகவே விடுதி வேண்டும். விடுதிக் காசு, சப்பாத்து, மேலதிக வகுப்பு, லீவுக்கு வீடு போய்வரும் செலவு, இவற்றை எந்தச் சட்டமும் கொடுக்கவில்லை. ஒரு பிள்ளை இடையில் நின்றுவிடுவது பெரும்பாலும் இந்தச் சின்னச் செலவுகளால்தான். மண்டபத்துக்கு ஓடு போடக் காசு தர ஆட்கள் உண்டு, ஓட்டில் பெயர் பொறிக்கலாம். சப்பாத்தில் பொறிக்க ஏலாதே!

ஆகவே நூற்றாண்டு நிதிக்கு ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். கொடுப்பவருக்குப் பிள்ளையின் பெயர் தெரியாது. பிள்ளைக்குக் கொடுப்பவர் பெயர் தெரியாது. காசு நேரே விடுதிக் கணக்குக்குப் போகும். மேடையும் இல்லை, படமும் இல்லை. இதனால் நன்கொடை குறையும் என்று செயற்குழுவிலேயே சிலர் பயப்பட்டார்கள். குறையலாம். அந்தப் பிள்ளை வராமல் விட்ட தவணையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சம்மதித்தோம்.

படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. பற்றுச்சீட்டைப் பொருளாளர் தனியாகத் தருவார். வருடக் கணக்கு பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும், தொகைகள் மட்டும்.