இரண்டாம் முறை அமரும் பரீட்சை

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பரீட்சையிலே சித்தியடைந்தோரைப் பாராட்டுவதற்கு நம்மிடம் மேடைகள் பல உண்டு. மாலை உண்டு, பொன்னாடை உண்டு, பத்திரிகையிலே படமும் உண்டு. தவறியவரோடு இரண்டு வார்த்தை பேசுவதற்கு மாத்திரம் மேடை இல்லை. அவர் வீட்டினுள்ளே கதவைச் சாத்திக்கொண்டு இருக்கின்றார். நாமும் அவ்வீட்டைக் கடக்கும்போது சற்று வேகமாக நடக்கின்றோம். இன்றைய தினம் அவரைக் குறித்தே பேச விரும்புகின்றோம். அவருள்ளும் சிறப்பாக, வைத்தியப் பட்டம் பெற்ற பின்னர், தொழில் புரிவதற்குரிய அனுமதிப் பரீட்சையிலே தவறியவரைக் குறித்துப் பேசுவோம்.

வைத்தியரை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. பாடசாலைப் பரீட்சையிலே தவறுகின்றவர் மாணவர். இவரோ ஐந்தாறு ஆண்டு கற்றுப் பட்டம் பெற்றவர். ஊரார் 'டொக்டர்' என்று அழைக்கத் தொடங்கிவிட்டனர். இரவு முழுவதும் நோயாளர் விடுதியிலே நின்ற அனுபவமும் இவருக்கு இருக்கலாம். இத்தகையவர் தவறும்போது, 'இனி என்ன படிப்பது?' என்ற கேள்வி மாத்திரம் எழுவதில்லை. 'நான் உண்மையில் வைத்தியன்தானா?' என்ற ஐயமும் எழுகின்றது. அந்த ஐயமே பெரிய பகை. அதனை முதலில் தீர்த்தல் வேண்டும்.

இத்தகைய அனுமதிப் பரீட்சை பல நாடுகளில் உண்டு. பிறநாட்டிலே கற்றுத் திரும்பும் நம் பிள்ளைகளுக்கு இலங்கையிலும் ஒன்று உண்டு. ஆயினும், இங்கிருந்து பிரித்தானியாவுக்குச் செல்ல விரும்பும் இளம் வைத்தியர் பலர் எழுதுகின்ற 'பிளாப்' பரீட்சையையே இன்று உதாரணமாகக் கொள்வோம். 1975ஆம் ஆண்டில் வேறு பெயருடன் தொடங்கிய பரீட்சை இது. பிரித்தானியப் பொது வைத்திய சபை இதனை நடத்துகின்றது. அந்நாட்டு வைத்தியர், பட்டம் பெற்றபின் பெறும் ஆரம்பப் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் நுழையும்போது எத்தகைய அறிவும் திறனும் உடையவராய் இருப்பாரோ, அந்த அளவே இப்பரீட்சையின் அளவுகோல்.

பரீட்சை இரண்டு பகுதிகளை உடையது. முதற் பகுதி எழுத்துப் பரீட்சை: 3 மணி நேரத்தில் 180 வினாக்கள், வினா ஒன்றுக்கு ஒரு நிமிடம். இரண்டாம் பகுதி மன்செஸ்டர் நகரிலே நடைபெறுவது. அங்கே 16 நிலையங்கள்; ஒவ்வொன்றிலும் 8 நிமிடம். நோயாளியாக நடிப்பவர் ஒருவர் இருப்பார். பரீட்சகர் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். பரீட்சார்த்தி நோயாளியோடு பேசி, வேண்டிய இடத்திற் பரிசோதித்து, மேற்கொண்டு செய்யவேண்டியதைச் சொல்லுதல் வேண்டும்.

இனி, இதிலே தவறுதல் என்பதன் பொருள் யாது? நம்மவர் மனத்திலே பரீட்சை என்றவுடன் உயர்தரப் பரீட்சையே தோன்றுகின்றது. அங்கே இடங்கள் குறைவு. 'இசட்' புள்ளியும் மாவட்டமும் சேர்ந்து ஒருவரை உள்ளே விடும், மற்றவரை வெளியே நிறுத்தும். பிறர் நம்மை முந்தினால் நாம் தோற்றோம். அனுமதிப் பரீட்சை அவ்வாறானதன்று. முதற் பகுதியிலே வினா ஒவ்வொன்றையும் எடுத்து, மட்டுமட்டாகத் தகுதியுள்ள வைத்தியர் நூற்றுவரில் எத்தனைபேர் இதற்குச் சரியான விடை தருவர் என்று அனுபவமுள்ள வைத்தியர் குழுவொன்று மதிப்பிடுகின்றது. அம்மதிப்பீடுகளைத் திரட்டியே சித்திப் புள்ளி வகுக்கப்படுகின்றது. இத்தனைபேர்தான் சித்தியடையலாம் என்ற வரையறை இல்லை. ஆகவே, தவறியவரை எவரும் தோற்கடிக்கவில்லை. ஒரு குறித்த நாளிலே, ஒரு குறித்த அளவுகோலுக்கு அவர் இவ்வளவு குறைந்து நின்றார் என்பதே பெறுபேற்றின் பொருள். குறைவை அளந்து சொல்லியிருக்கின்றார்கள். அளந்த குறைவை நிரப்புதல் மனிதனால் ஆகக்கூடிய காரியம்.

ஆயினும் இதனைச் சிறு விடயமாகவும் கொள்ளலாகாது. ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு முறையே இடமுண்டு. நான்காம் முறையும் தவறினவர், மேலும் பயிற்சி பெற்றமைக்குச் சான்று காட்டி, இறுதியாக ஒரு முறை மாத்திரம் அமரலாம். முதற் பகுதியிலே சித்தியடைந்தவர் இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டாம் பகுதியை முடித்தல் வேண்டும். பரீட்சைக் கட்டணம், விமானச் செலவு, மன்செஸ்டரில் தங்கும் செலவு என்பவற்றை நம்மவர் ரூபாயில் எண்ணும்போது, அது ஒரு குடும்பத்தின் பல மாதச் சம்பளம். வீட்டு நகை அடைவுக்குப் போயிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் விலையுடையது. அதனை அவசரத்தாற் கெடுத்தலும் தவறு. அச்சத்தாற் கைவிடுதலும் தவறு.

முதலிற் செய்யவேண்டியது, ஒன்றும் செய்யாதிருத்தல். பெறுபேறு வந்த அன்றிரவே அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பிப்போர் உளர். வெட்கத்தை மறைப்பதற்காகச் செய்யப்படும் விண்ணப்பம் அது. சில நாள் நன்றாக உறங்குதல் வேண்டும். வேளைக்கு உண்ணுதல் வேண்டும். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம், 'நான் தவறிவிட்டேன்' என்று வாயாற் சொல்லுதல் வேண்டும். சொல்லாத தோல்வி உள்ளே வளரும். சொல்லிய பின்னர் அது மற்றக் காரியங்களைப்போல ஒரு காரியமாகிவிடும்.

அடுத்து, பெறுபேற்றுத் தாளைக் கையிலெடுத்து, நோயாளியின் குறிப்பை வாசிப்பதுபோல வாசித்தல் வேண்டும். நோயாளி வந்தால் வைத்தியர் முதலில் மருந்தா கொடுக்கின்றார்? நோய் யாதென ஆராய்கின்றார் அன்றோ? தம்முடைய காரியத்தில் மாத்திரம் ஏன் அந்த முறையை மறத்தல் வேண்டும்?

எழுத்துப் பரீட்சையிலே பிழைகள் ஒரே வகையின அல்ல. பாடம் தெரியாமையால் வருவது ஒன்று. பாடம் தெரிந்தும், வினாவின் கடைசி வரியைச் சரியாக வாசியாமையால் வருவது மற்றொன்று. இரண்டு விடைகளுக்கிடையே தடுமாறி, முன்னர்த் தெரிந்த சரியான விடையை மாற்றுவது மூன்றாவது. நேரம் போதாமையால் இறுதி வினாக்களைக் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பது நான்காவது. இவை நான்கிற்கும் மருந்து வேறு வேறு. வாசிப்பிற் பிழைவிடுபவர் மேலும் ஐந்து புத்தகம் வாங்கினால் என்ன பயன்? ஆகவே மாதிரி வினாக்களைச் செய்து, பிழை ஒவ்வொன்றும் எவ்வகையைச் சேர்ந்தது என ஒரு கொப்பியிற் குறித்து வருக. இரண்டு வாரத்திற்குள் தம் குறை எதுவென்று அவருக்கே தெரிந்துவிடும்.

ஐந்தாவது வகை ஒன்றும் உண்டு. அது நம்மவர்க்கே சிறப்பாக உரியது. நம் வைத்தியசாலை விடுதியிலே வழக்கமாகச் செய்வதையே விடையாக எழுதுதல். உதாரணமாக உயர் இரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்வோம். பிரித்தானியாவின் 'நைஸ்' நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, முதலிற் கொடுக்கும் மருந்தைத் தெரிவு செய்வதற்கு நோயாளி 55 வயதுக்கு உட்பட்டவரா, மேற்பட்டவரா, நீரிழிவு உள்ளவரா, எந்த இனவழியினர் என்பவற்றை நோக்குதல் வேண்டும். நம் விடுதியிலே கிடைக்கும் மருந்தை நினைந்து விடை எழுதுகின்றவர் நல்ல வைத்தியராயிருந்தும் புள்ளியை இழப்பார். 'எனக்கு அறிவில்லை' என்று அவர் அழவேண்டியதில்லை. அந்நாட்டு வழக்கத்தைக் கற்றுக்கொள்ளுதலே வேண்டுவது.

கற்கும் முறையைக் குறித்தும் ஒரு வார்த்தை. தவறியவர் பெரும்பாலும் பழைய குறிப்புகளையே எடுத்து, முன்னிலும் கூடிய நேரம், முன்னிலும் கூடிய தடவை வாசிக்கின்றார். அமெரிக்காவிலே ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் உளவியலாளர் இருவர் 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இங்கே சிந்திக்கத்தக்கது. மாணவரில் ஒரு சாரார் ஒரு பந்தியை நான்கு தடவை வாசித்தனர். மற்றொரு சாரார் முதலில் வாசித்துவிட்டுப் பின்னர் மூன்று தடவை புத்தகத்தைப் பாராது நினைவுகூர்ந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது, வாசித்தவர் 83 வீதமும், நினைவுகூர்ந்தவர் 71 வீதமும் சொன்னார்கள். ஒரு வாரத்தின் பின் சோதித்தபோதோ, வாசித்தவர் 40 வீதம். நினைவுகூர்ந்தவர் 61 வீதம். மீண்டும் மீண்டும் வாசித்தல் 'எனக்குத் தெரியும்' என்ற எண்ணத்தைத் தரும். பரீட்சை நாளில் அது கைவிட்டுவிடும். ஆகவே புத்தகத்தை மூடிவிட்டுத் தம்மைத் தாமே கேட்டல் வேண்டும். இன்று பிழைத்த வினாவை மூன்று நாளிலும், பின்னர் ஒரு வாரத்திலும், பின்னர் ஒரு மாதத்திலும் திரும்பச் செய்தல் வேண்டும். வாரம் ஒரு முறையேனும் 180 வினாக்களையும் 3 மணி நேரத்திலே, இடையில் எழும்பாது செய்து பழகுதல் நன்று.

இரண்டாம் பகுதியிலே தவறியவரின் நிலை வேறு. அங்கே ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று விடயங்கள் அளக்கப்படுகின்றன: நோயை அறியும் திறன், சிகிச்சையை ஒழுங்கு செய்யும் திறன், நோயாளியோடு பழகும் திறன். ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளியாக, நிலையம் ஒன்றுக்கு 12. மொத்தப் புள்ளி போதுமாயினும், குறித்த தொகை நிலையங்களிற் சித்தியடைந்தாலன்றி முழுச் சித்தி இல்லை. தவறிய இடங்களிலே, 'உரையாடல் ஒழுங்கின்றி இருந்தது', 'நேரம் போதவில்லை', 'நோயாளி சொன்னதைக் கவனிக்கவில்லை' என்ற கருத்துப்பட்ட குறிப்புகளையும் தருகின்றார்கள்.

இக்குறிப்புகளைக் கண்டு கோபம் கொள்வோர் உளர். 'நான் தினமும் நூறு நோயாளரைப் பார்க்கின்றேன். எனக்கா பேசத் தெரியாது?' என்பர். அந்த நூறே காரணம். நூறுபேர் வரிசையில் நிற்கும்போது நாம் கேள்வி கேட்போம். நோயாளி விடை சொல்வார். துண்டு எழுதிக் கொடுப்போம். தலையிடியோடு வந்த பெண்ணிடம் இருபது கேள்வி கேட்டு, நோயையும் சரியாகக் கண்டுபிடிப்போம். 'உங்களுக்கு என்ன பயம், அம்மா?' என்ற ஒன்றைக் கேட்கமாட்டோம். அவருடைய சகோதரி மூளைக் கட்டியால் இறந்தது அந்தக் கேள்விக்கே வெளிவரும். இங்கே நோயாளியின் காரியத்தை அவர் மகனிடமே சொல்லி முடிவு கேட்கின்றோம். அங்கே நோயாளியின் சம்மதமின்றி மகனிடம் ஒன்றும் சொல்லலாகாது. முடிவு செய்பவரும் நோயாளியே. இவற்றைப் புத்தகத்தால் மாத்திரம் கற்க முடியாது. தங்கையையோ மைத்துனரையோ கதிரையில் இருத்தி, மணிக்கூட்டை 8 நிமிடத்துக்கு வைத்து, வாய்விட்டுப் பேசிப் பழகுதல் வேண்டும். முடிந்தபின் அவர்களையே கேளுங்கள்: 'நான் சொன்னது விளங்கியதா? உங்களைப் பேசவிட்டேனா?' வைத்தியம் கல்லாத தங்கையே இதற்கு மிகச் சிறந்த பரீட்சகர்.

இயலுமாயின் வைத்தியசாலை வேலையையும் முற்றாக விட்டுவிடாதிருத்தல் நன்று. நோயாளரை விட்டுப் பல மாதம் அறையினுள்ளே இருந்தால் கையும் நாவும் கூசும். இன்று கண்ட நோயாளியைக் குறித்து மாலையில் வாசிக்கும் ஒரு பக்கம் மனத்திலே தங்கும்.

இனிப் பெற்றோருக்கும் உறவினருக்கும் சில வார்த்தைகள். 'இன்னார் மகன் முதல்முறையே பாஸ் பண்ணிவிட்டான்' என்ற செய்தி தவறியவருக்கு எவ்வகையிலும் உதவாது. 'றிசல்ட் என்ன மாதிரி?' என்று கோவில் வீதியிலே பத்துப் பேர் முன்னிலையிற் கேட்பதும் அன்பாகாது. வீட்டிலே அவரைச் சுற்றி மௌனம் காப்பதும் நல்லதன்று. அது சாவு வீட்டு மௌனம்போல் இருக்கும். 'இப்போது என்ன படிக்கின்றாய், தம்பி? எனக்கு ஒருக்கால் விளங்கப்படுத்து' என்று கேளுங்கள். கடனைக் குறித்துப் பேசவேண்டுமாயின், ஒரு நாள் அமர்ந்து, கணக்கை வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள். நாள்தோறும் குத்திக் காட்டாதீர்கள்.

பாரமான விடயமொன்றையும் சொல்லாது விடலாகாது. தவறியவர் வாரக்கணக்கில் உறங்காதிருந்தால், உணவை வெறுத்தால், 'நான் இருந்து என்ன பயன்?' என்று ஒரு முறையேனும் சொன்னால், அதைப் பரீட்சைக் கவலையென்று தள்ளிவிடாதீர்கள். அது நோய், சிகிச்சை உண்டு. வைத்தியராயிருப்பவரே உதவி நாட அதிகம் கூசுகின்றார் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். இலங்கையிலே 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால், தேசிய மனநல நிறுவகத்தின் உதவி கிடைக்கும். கூட ஒருவர் அமர்ந்து அந்த அழைப்பை எடுத்தால் இன்னும் நன்று.

எல்லோரும் மீண்டும் அமரத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். இல்லை. எம்.ஆர்.சி.பி. போன்ற ஏற்கப்பட்ட மேற்பட்டம் பெற்றவர்க்குப் பிளாப் வேண்டியதில்லை. பாதை நெடிது, ஆயினும் அதுவும் பாதையே. இந்நாட்டிலேயே மேற்படிப்பைத் தொடர்ந்து, நம் மக்களுக்குத் தொண்டாற்றுவதும் தோல்வியாகாது. ஆனால் அம்முடிவைத் துயரம் தணிந்து, செலவையும் குறையையும் எண்ணிப் பார்த்த பின்னரே எடுத்தல் வேண்டும். பெறுபேறு வந்த வாரத்தில் எடுக்கும் முடிவு முடிவாகாது.

இச்சங்கத்து இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். சங்கத்தின் வாசிகசாலையிலே மாலை வேளையில் ஒரு மூலையை இரண்டாம் முறை அமர்வோருக்கென ஒதுக்குங்கள். சித்தியடைந்து பிறநாட்டிலிருக்கும் நம் வைத்தியர்களை வாரத்தில் ஒரு மணி நேரம் கணினி வழியாக அவர்களோடு பேசச் செய்யுங்கள். நீங்கள் நோயாளியாக நடித்து உதவுங்கள். அதற்குப் பட்டம் வேண்டியதில்லை, பொறுமை போதும். ஆண்டு விழாவிலே சித்தியடைந்தோர்க்கு மாலை சூட்டும் கைகள், தவறியவர் வீட்டுக் கதவையும் ஒரு முறை தட்டட்டும். இவ்வாண்டு தட்டவேண்டிய கதவுகள் எவை என்பது உங்களுக்கே தெரியும்.