பங்கும் ஓட்டும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



திருவாதவூரில் பங்கு என்ற சொல் புதிதன்று. கண்மாய்த் தண்ணீரில் பங்கு, களத்து நெல்லில் பங்கு, பாகப்பிரிவினையில் பங்கு என்று ஒவ்வொரு குடும்பமும் அதனை அறியும். ஆயினும், சங்கத்திலோ கம்பெனியிலோ பணங்கட்டிப் பெறும் பங்கு எத்தகைய உரிமையைத் தருகிறது என்பதை அறிந்தோர் சிலரே. பயிர்க்கடன் பெறுவதற்குக் கட்டவேண்டிய ஒரு கட்டணம் என்றே பலர் அதனை எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு, அதனால் விளையும் நஷ்டமோ பெரிது.

முதலாவது கம்பெனிப் பங்கைக் கவனிக்கலாம். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின்படி அது இருவகைப்படும். சாதாரணப் பங்குடையோர் லாபம் மிகுந்தால் மிகுந்த ஈவு பெறுவர். லாபம் இல்லையேல் ஒன்றும் பெறார். ஒவ்வொரு தீர்மானத்திலும் தம் பங்கின் அளவுக்கு அவர்களுக்கு ஓட்டு உண்டு. முன்னுரிமைப் பங்குடையோருக்கோ குறித்த வீதப்படி ஈவு முதலில் கொடுக்கப்படும். கம்பெனி கலைக்கப்பட்டால் அவர்கள் மூலதனமும் முந்தித் திரும்பும். ஆனால் தம் உரிமையைப் பாதிக்கும் தீர்மானங்களிலும், கம்பெனியைக் கலைத்தல், மூலதனத்தைக் குறைத்தல் ஆகியவற்றிலுமே அவர்கள் ஓட்டளிக்கலாம். இரண்டு வருஷமோ அதற்கு மேலோ ஈவு கொடுபடாமல் நின்றால், எல்லா விஷயங்களிலும் ஓட்டுரிமை பெறுவர். கம்பெனி கலையும் காலத்தில் இவ்விருசாராருக்கும் முன்னதாகக் கடன் கொடுத்தோர் நிற்பர் என்பதும் நினைவிற்குரியது.

தென்பாண்டி நாட்டார் இதனை அனுபவத்தில் கண்டதுண்டு. 1906-ஆம் வருஷத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார். மூலதனம் பத்து லக்ஷ ரூபாய், ரூ. 25 வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதற்குத் தலைவரானார். 1911-இல் அக்கம்பெனி கலைக்கப்பட்டது. இத்தகைய கம்பெனியில் பங்குத் தொகையை முழுதும் கட்டியவருக்கு அதற்கு மேல் பொறுப்பில்லை. ஆனால் அத்தொகை திரும்புமென்ற உறுதியும் இல்லை.

சிறு பங்குதாரருக்குச் சட்டம் பாதுகாப்பு அளிக்காமல் இல்லை. ஓட்டுள்ள மூலதனத்தில் பத்திலொரு பங்கு உடையோர் சேர்ந்து விசேஷக் கூட்டம் கூட்டும்படி கோரலாம். நிர்வாகத்தார் கொடுமை செய்தால், நூறு அங்கத்தினரோ, மொத்த அங்கத்தினரில் பத்திலொரு பகுதியினரோ, இவற்றுள் குறைந்த தொகையினர் கூடித் தீர்ப்பாயத்தை அணுகலாம்.

கூட்டுறவு முறை இதனின்றும் வேறுபட்டது. 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துத் தொழிலாளர் 28 பேர் தொடங்கிய சங்கத்தில், ஒருவருக்கு ஓர் ஓட்டு என்பதே விதியாயிற்று. இந்தியாவில் 1904-ஆம் வருஷத்தில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வருஷமே செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் சென்னை மாகாணத்தின் முதல் கிராமச் சங்கம் ஏற்பட்டது. இன்று வழங்கும் 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கச் சட்டமும், பங்கு எத்தனையாயினும் அங்கத்தினருக்கு ஓர் ஓட்டே என்கிறது. மடைத் தண்ணீர் நிலத்தின் அளவுக்குப் பாய்வது போன்றது கம்பெனி ஓட்டு. ஊர்க்கூட்டத்தில் தலைக்கு ஒரு குரல் ஒலிப்பது போன்றது சங்கத்து ஓட்டு. இணை அங்கத்தினருக்கு அந்த ஓட்டும் இல்லை. ஆதலால் தாம் எவ்வகை அங்கத்தினர் என்பதை ஒவ்வொருவரும் கேட்டறிதல் வேண்டும்.

2002-ஆம் வருஷத்துக்குப் பின் உழவர்கள் சேர்ந்து அமைக்கும் உற்பத்தியாளர் கம்பெனி என்பதும் உளது. பெயரால் கம்பெனியாயினும், தனிநபர்கள் சேர்ந்த அதில் பங்கின் தொகை ஓட்டைப் பெருக்காது. ஆளுக்கு ஓர் ஓட்டே. அங்கே பங்கு கேட்டு வருவோரிடம் இதனை விசாரித்தல் நலம்.

இன்னொரு வேற்றுமை மிக முக்கியமானது. கம்பெனிப் பங்குதாரர் தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பி ஓட்டளிக்கச் செய்யலாம். கூட்டுறவு அங்கத்தினரோ நேரில் வந்தே ஓட்டளித்தல் வேண்டும். மகாசபைக் கூட்டத்தன்று வீட்டிலிருப்பவரின் ஓட்டு அன்றே வீணாகிறது. வந்திருந்த சிலருடைய முடிவே அனைவரையும் கட்டுப்படுத்துகிறது. ஐந்நூறு அங்கத்தினருள்ள சங்கத்தை முப்பது பேர் நடத்துவதாயின், குற்றம் அந்த முப்பது பேருடையது மட்டுமன்று.

குதிரை வாங்கக் கொடுத்த பொருளுக்குப் பாண்டியன் வாதவூரரிடம் கணக்குக் கேட்ட கதை இவ்வூர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். சங்கத்தில் பணம் கொடுத்தவர் அங்கத்தினர். கணக்குக் கேட்கும் பாண்டியனும் அவரே. சட்டத்தையும் துணைவிதிகளையும் சங்கத்திலேயே கட்டணமின்றிப் பார்வையிடும் உரிமையும், மூன்றிலொரு பங்கினர் விண்ணப்பித்தால் ரிஜிஸ்திரார் விசாரணை நடத்தவேண்டும் என்ற ஏற்பாடும் 1912-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே கண்டவை.

ஆகவே, பங்குத் தொகைக்குரிய ரசீதைப் பத்திரப்படுத்துக. தமக்குப்பின் அத்தொகை யாரைச் சேரும் என்பதை எழுதிவைக்க. மகாசபைக்கு வந்து, வரவு செலவு வாசிக்கப்படும்போது விளங்காததைக் கேட்க. கேட்பவர் உள்ள சங்கத்தில் கணக்கு நேராக நிற்கும்.