விடுமுறைக் கணக்கு

கொச்சியில் கோடை விடுமுறை என்பது ஏப்ரல், மே ஆகிய இரு திங்கள். ஜூன் பிறந்ததும் மழையும் பள்ளியும் ஒருங்கே தொடங்கிவிடும். அந்த இடைவெளியில் சிறுவர்க்குக் கணக்குக் கற்பிப்பது, படிப்பை முடித்து வேலைக்குக் காத்திருப்போரின் பழைய பிழைப்பு. கணிதமேதை இராமானுசனும் 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராய் அமருமுன், மாணவர்க்குப் பாடஞ் சொல்லியே சிலகாலம் பசியாறினார்.

கலைப் பட்டதாரியாகிய நாம், ஒரு கோடையில் மட்டாஞ்சேரியில் இத்தொழிலை மேற்கொண்டோம். மாணவர்கள், அருகே ஃபோர்ட் கொச்சிச் சலவைத்துறையில் உழைக்கும் தமிழர் வீட்டுப் பிள்ளைகள். ஊதியத்தில் ஒரு பகுதி, தேய்த்து மடித்த சட்டைகளாக வந்தது. அதில் நமக்குக் குறையில்லை.

அப்பிள்ளைகள் கணக்கறியாதவர் அல்லர். நாற்பது உருப்படிக்குக் கூலி எவ்வளவு என்றால், நாம் தாள் எடுக்குமுன் விடை சொல்வர். அவர்கள் இடறியது சொல்லில். நம் 'வகுத்தல்' பள்ளி மலையாளத்தில் 'ஹரணம்'. பின்னத்தின் மேலெண் நமக்குத் 'தொகுதி', அங்கே 'அம்சம்'. கீழெண் நமக்குப் 'பகுதி', அங்கே 'சேதம்'. தமிழ்ச் செவிக்குச் சேதம் என்றால் அழிவு. ஹரணம் என்றால் அபகரிப்பு. ஆகவே 'ஹரிக்குக' என்றிருந்த இடத்தில் ஒரு சிறுமி எண்ணைக் கழித்துவிட்டாள். விடை பிழைதான். ஆயினும் அவள் சொல்லுக்குக் கொண்ட பொருளைப் பிழை என்று கூற, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டுவிட்ட நமக்கு இன்றும் மனம் வரவில்லை.

பின்னர்ப் பாடத்தை வேறிடத்தில் தொடங்கினோம். கால், அரை, முக்கால், அரைக்கால் என்பன இருமொழிக்கும் பொதுச் சொற்கள். ஒரு கிலோ மிளகில் காலின் பாதி எவ்வளவு? நூற்றிருபத்தைந்து கிராம். அது விளங்கிய பின்னரே அம்சமும் சேதமும் ஏட்டில் ஏறின. இதற்கு அம்மண்ணிலேயே முன்னோடி உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர், சங்கமகிராம மாதவரின் வழிவந்த உயர்கணிதத்தை, அறிஞரின் வடமொழியில் அன்றி மலையாளத்திலேயே, காரணங்களுடன் விளக்கி 'யுக்திபாஷா' என்னும் நூலை இயற்றினார்.

மும்பையில் வாழும் நேயர்களே, மராத்திப் பள்ளியிலும் 'அம்சம்', 'சேதம்' என்பவற்றின் உறவுச் சொற்களையே உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். தில்லியின் இந்திப் பாடநூலிலோ கீழெண்ணுக்கு 'ஹர்' என்று பெயர். பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று ஆசிரியர் சொல்லியனுப்பினால், தண்டிக்குமுன் அந்தக் கணக்கைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள். விடை வந்துவிட்டால், கற்பிக்க வேண்டியது நாலைந்து சொற்களே. அதற்கு ஒரு விடுமுறை முழுவதும் வேண்டுவதில்லை.