ஏழு நாள் உட்கார்ந்திருந்தவர்

(ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் உள்ள ஒரு மிஷன் மருத்துவமனைக்கு இரண்டு ஆண்டு தன்னார்வ ஊழியத்திற்காகப் புறப்படும் நம் செவிலியர் சகோதரியை வழியனுப்பும் ஆராதனையில், மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இதே ஆலயத்தில் எத்தனையோ வரவேற்புக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். கடல் கடந்து வந்த டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் மாலை போட்டிருக்கிறோம். இன்றுதான் முதல் முறையாக நம் வீட்டுப் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்புகிறோம். அவளுடைய தாயார் முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா, அழுவதில் தவறில்லை. 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் டாக்டராக வேலூருக்கு வந்தார்கள். 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டர், நெய்யூரில் காத்துக் கிடந்த நோயாளிகளைக் கண்டு அங்கேயே ஊழியத்திற்கு வந்துவிட்டார். அவர்களை அனுப்பிய வீடுகளிலும் யாரோ அழுதிருப்பார்கள். நாம் பெற்றுக்கொண்டவர்கள், இன்று கொடுக்கிறோம்.

எசேக்கியேல் 3-ம் அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. கேபார் நதியோரம் சிறைப்பட்டிருந்த தன் ஜனத்திடம் தீர்க்கதரிசி போகிறார். சொல்லவேண்டிய செய்தி கையில் இருக்கிறது. ஆனால் போனவுடன் அவர் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் இருந்த இடத்திலேயே ஏழு நாள் திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். அதன் பிறகுதான் கர்த்தருடைய வார்த்தை அவருக்கு உண்டாகிறது. மகளே, உன் முதல் பாடம் இதுதான். போனவுடன் திருத்தத் தொடங்காதே. முதலில் உட்கார்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு இளம் டாக்டர் ஒருவர் நம்மிடம் ஓர் ஆண்டு ஊழியத்திற்கு வந்தார். முதல் மாதம் இட்லியும் நன்றாக இருந்தது, வெயிலும் நன்றாக இருந்தது. மூன்றாம் மாதம் பேச்சுக் குறைந்தது. ஒரு நாள் இரவு குழந்தைகள் வார்டில் ஒரு பிள்ளை இறந்துபோனது. "எங்கள் ஊரில் இந்தப் பிள்ளை பிழைத்திருக்கும்" என்று வராந்தாவில் நின்று அழுதார். நான் ஒரு வசனம் சொன்னேன், சிறு ஜெபம் செய்தேன், வீட்டுக்குப் போய்விட்டேன். ஐந்தாம் மாதமே அவர் ஊர் திரும்பினார். பிறகு எழுதிய கடிதத்தில் ஒரு வரி இருந்தது: புதிய இயந்திரம் எப்போது வரும் என்று எல்லோரும் என்னிடம் கேட்டார்கள், நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. செமினரியில் படித்த நானும் கேட்கவில்லை. அந்தக் கடிதம் இன்றும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது.

இப்படிப்பட்ட தடுமாற்றம் பலவீனமானவர்களுக்கு மட்டும் வருவதல்ல. கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 1960-ல் இதைப்பற்றி எழுதினார். புது நாட்டில் முதலில் எல்லாம் இனிக்கும். பிறகு எல்லாம் கசக்கும். பிறகு மெல்லத் தெளியும். கடைசியில் அது நம் இடமாகும். இரண்டாம் கட்டத்தில் "தேவன் என்னை அழைக்கவில்லையோ" என்ற எண்ணம் வரும். மகளே, அப்போது அழைப்பைச் சந்தேகிக்காதே. மூட்டை கட்டுவதற்கு முன் அங்குள்ள மூத்த சகோதரி ஒருவரிடம் மனம் திறந்து பேசு.

சில காரியங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். அங்கே வணக்கம் சொல்லி நலம் விசாரிக்காமல் எந்தப் பேச்சும் தொடங்காது. "முலி ப்வாஞ்சி" என்று கேள். பதிலைக் காத்திருந்து கேள். அவசரத்தில் நேரே ஊசியோடு போய் நின்றால் அது மரியாதைக் குறைவு. அவர்கள் சாப்பாடு ன்சிமா, மக்காச்சோள மாவுக் களி, கையால்தான் சாப்பிடுவார்கள். கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவளுக்கு அது அந்நியமல்ல. நம் ஊரைப் போலவே நோயாளியோடு உறவினர் வந்து தங்கிச் சமைத்துப் போடுவார்கள். அவர்களை விரட்டாதே, பாதி நர்சிங் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இந்தியர்களை அங்கே "அம்வென்யே" என்பார்கள். அவர்கள் அதிகம் கண்ட இந்தியர்கள் கடைக்காரர்கள். உன்னையும் முதலில் அப்படித்தான் பார்க்கலாம். வருத்தப்படாதே. நீ யார் என்பதை உன் இரவு டியூட்டி அவர்களுக்குச் சொல்லும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை கவனமாயிரு. மழையும் மலேரியாவும் ஒன்றாக வரும். பழைய தானியம் தீர்ந்து, புது அறுவடை ஏப்ரலில்தான் வரும் என்பதால் பசியும் சேர்ந்துகொள்ளும். குழந்தைகள் வார்டு நிரம்பும். சில பிள்ளைகள் உன் கையிலேயே போவார்கள். அன்றைக்கு அழு, மறுநாள் டியூட்டிக்குப் போ.

உன் உடம்பையும் காப்பாற்றிக்கொள். 1875-ல் ஸ்காட்லாந்திலிருந்து டாக்டர் ராபர்ட் லாஸும் அவருடைய தோழர்களும் அந்த நாட்டின் பெரிய ஏரிக்கரையில் கேப் மக்ளியரில் இறங்கினார்கள். காய்ச்சல் பலரைக் கொண்டுபோனது. அந்தக் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. 1881-ல் மிஷன் பண்டாவேக்கு இடம் மாறியது. 1894-ல் மலைமேல் ஏறியது. இடம் மாறியதை அவர்கள் அவிசுவாசம் என்று நினைக்கவில்லை. லாஸ் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஊழியம் செய்தார். கொசுவலையும் தடுப்பு மாத்திரையும் விசுவாசக் குறைவு அல்ல மகளே. நம் ஊரில் மலேரியா பார்த்தவள்தானே என்று இருந்துவிடாதே. அங்கே பெரும்பாலும் இருப்பது மூளையைத் தாக்கக்கூடிய பால்சிபாரம் வகை.

இனி, இந்த ஊழியத்தைத் தாங்கும் உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள்.

முதலாவது, அவள் போனவுடன் "எத்தனை பேரைக் குணமாக்கினாய்" என்று கேட்காதீர்கள். முதல் இரண்டு மாதமும் சிச்சேவா மொழி கற்கவே வேண்டும். அந்த இரண்டு மாதச் செலவுக்கும் உங்கள் காணிக்கை தேவை. மொழி தெரியாத நர்ஸ் வலி எங்கே என்று கேட்கவும் முடியாது. இந்தச் செலவை வீண் என்று எண்ணாதீர்கள்.

இரண்டாவது, கடிதம் எழுதுங்கள். கைபேசியில் முகம் பார்த்துப் பேசலாம், உண்மைதான். ஆனால் தினமும் மணிக்கணக்கில் பேசினால் அவள் உடல் அங்கும் மனம் இங்குமாக இருக்கும். மாதம் ஒரு கடிதம் போதும். அதில் சபைச் செய்தியோடு, "நீ எப்படி இருக்கிறாய்?" என்ற ஒரு கேள்வி கட்டாயம் இருக்கட்டும்.

மூன்றாவது, அவள் திரும்பி வரும்போது பொறுமையாயிருங்கள். வீடு திரும்பியவர்களுக்கும் சொந்த ஊர் கொஞ்ச நாள் அந்நியமாகத் தெரியும். நம் கல்யாண வீட்டில் மீந்துபோகும் சோற்றைப் பார்த்து அவள் கண் கலங்கினால், பெருமை வந்துவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

அன்று வராந்தாவில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. உங்கள் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் நம் பிள்ளையின் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று நம்புகிறேன். மகளே, முன்னே வா. உன் தாயாரும் வந்து உன் தலைமேல் கை வைக்கட்டும். நாம் எல்லோரும் எழுந்து நின்று ஜெபிப்போம்.