உணவுக் கடையில் ஒரு கணக்கு



கடையில் வாங்கும் பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால், அதில் சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, கலோரி எத்தனை என்று அச்சிட்டிருப்பார்கள். ஆனால், நம் ஊர் ஒட்டுக்கடையில் போடும் ரொட்டி சானாய்க்கும், வாழையிலையில் பரிமாறும் சோற்றுக்கும் அப்படிப்பட்ட சீட்டு எதுவும் இல்லை. கடைக்காரரைக் கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது. கைப்பக்குவத்தில் சமைப்பவர் எண்ணெயை அளந்தா ஊற்றுகிறார்? ஆகவே, அளக்கும் பொறுப்பு உண்பவரையே சேர்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதே இன்றைய பேச்சு.

இது வெறும் ஆர்வத்துக்காகப் போடும் கணக்கன்று. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதாவது நாம் இனிப்புநீர் என்று சொல்லும் நோய், இருக்கிறது. இன வாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் அது மிகுதி. நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலையில் எழுந்து பால்மரம் வெட்டினார்கள். காண்டா வாளி தூக்கி நடந்தார்கள். இன்று நம்மில் பலர் லோரி ஓட்டுகிறோம், அலுவலகத்தில் அமர்ந்திருக்கிறோம். உழைப்பு குறைந்த அளவுக்கு நம் தட்டில் சோறு குறையவில்லை.

பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு அனுமானித்தல் என்று ஒரு பாடம் நடத்துகிறோம். போத்தலில் உள்ள கோலிகளை எண்ணாமலே ஐம்பதா, நூறா என்று சொல்ல வேண்டும். பத்துக் கோலி எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று அறிந்த பிள்ளை, ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடும். உணவுக்கும் அப்படி ஓர் அடிப்படை அளவு வேண்டும். அதற்கு உங்கள் கையே போதும்.

கையை மூடிப் பாருங்கள். அந்த அளவுச் சோறு ஏறத்தாழ 200 கலோரி. இப்போது விரியுங்கள். விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கை அளவுக்கு மீனோ கோழியோ இருந்தால் ஒரு வேளைக்குப் போதும். அடுத்து எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. மாவுச்சத்தும் புரதமும் ஒரு கிராமுக்கு 4 கலோரி தர, கொழுப்பு மட்டும் 9 கலோரி தருகிறது. கடை உணவில் நம் கண்ணுக்குத் தப்புவது பெரும்பாலும் இந்த எண்ணெயும், தேங்காய்ப்பாலும், சீனியும்தான்.

காலைப் பசியாறலை எடுத்துக்கொள்வோம். ஒரு ரொட்டி சானாய் ஏறத்தாழ 300 கலோரி. இரண்டு சாப்பிட்டால் 600. ஒரு தே தாரிக்கில் இரண்டு மேசைக்கரண்டி இனிப்பு டின்பால் ஊற்றினால் அது ஏறத்தாழ 130. பருப்புக் கறியைச் சேர்க்காமலே 730 ஆகிவிட்டது. மிதமாக உழைக்கும் ஒருவருக்கு நாள் முழுமைக்கும் 2,000 கலோரி என்று வைத்துக்கொண்டால், காலையிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவாகிவிட்டது. அதே கடையில் ஒரு தோசை ஏறத்தாழ 200. இரண்டு தோசையும், பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்கும் என்றால் சாம்பார் நீங்கலாக 400தான். இரண்டுக்கும் இடையே 300 கலோரிக்கு மேல் வேறுபாடு.

மதியச் சாப்பாட்டுக்கு நம் சுகாதார அமைச்சு எளிய வழி ஒன்றைச் சொல்கிறது: கால், கால், பாதி. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு வகை, பாதி காய்கறியும் பழமும். வாழையிலையில் நாம் இதைப் பெரும்பாலும் தலைகீழாக வைத்திருக்கிறோம். நடுவில் மூன்று கைப்பிடிச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி கீரை. சோற்றை ஒன்றரைக் கைப்பிடியோடு நிறுத்தி, காய்கறியை மறுமுறை கேளுங்கள். கறியை ஊற்றுமுன் கிண்ணத்தின் மேற்பரப்பைப் பாருங்கள். எண்ணெய் மிதந்தால், ஓரத்தில் கொஞ்சம் வாங்கித் தொட்டுக்கொள்ளுங்கள். உப்பும் பெரும்பாலும் அந்தக் கறியோடுதான் வருகிறது. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டு, இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

இந்தக் கணக்கு துல்லியமாக இராது. ஒரு கடை ரொட்டியைப் போல் இன்னொரு கடை ரொட்டி இருப்பதில்லை. ஆயினும், நாள்தோறும் ஒரே கையால் அளந்தால், நேற்றைவிட இன்று கூடிற்றா, குறைந்ததா என்பது தெரிந்துவிடும். நமக்குத் தேவை அதுவே. நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் மட்டும், உணவின் அளவைத் திடீரென மாற்றுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிறிய கடையில் இன்னொரு வசதியும் உண்டு. பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதை நாம் படிக்கலாமே தவிர, மாற்ற முடியாது. ஒட்டுக்கடையிலோ சமைப்பவர் நம் கண்ணெதிரே நிற்கிறார். “அண்ணே, தே குராங் மானிஸ்”, “அக்கா, கறி தனியா குடுங்க, சோறு பாதி போதும்” என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாலு பேர் நாள்தோறும் அப்படிக் கேட்டால், ஐந்தாமவருக்குக் கேளாமலே டின்பாலைக் குறைத்து ஊற்றும் பழக்கம் கடைக்காரருக்கும் வந்துவிடும்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது பிள்ளைகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். “இந்தச் சோறு எத்தனை கைப்பிடி இருக்கும்?” என்று கேளுங்கள். அவர்கள் நம்மைவிட விரைவாகச் சொல்லிவிடுவார்கள்.